தலைமாட்டுக் கடிதம்



வீட்டில் வயதான ஒருவர் இப்படி எழுதி வைத்திருக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள்: நினைவிழந்து, இனிக் குணமில்லை என்று வைத்தியர்கள் முடிவு செய்தால் தன்னை இயந்திரத்தில் போட்டு வைக்க வேண்டாம். பேச்சிழந்த பிறகு அந்தக் கடிதம் யார் கையில் இருக்கும்? பிள்ளைகளின் கையில். அவர்கள்தாம் வாரிசுகளும்!

இப்படி எழுதுவது கூடுமா என்பதை உலமாக்களிடம் கேட்டுக்கொள்ளுங்கள். நான் சொல்ல வருவது கடிதத்தின் பாதுகாப்பை மட்டுமே.

அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலம் 1976 இல் இதற்கென ஒரு சட்டம் இயற்றியது. கடிதத்தை ஒளிப்பதும் கிழிப்பதும் அதில் சிறு குற்றம். பொய்க் கடிதம் தயாரித்து, அதனால் சிகிச்சை நிறுத்தப்பட்டு மவுத்து முந்தினால் அது கொலைக் குற்றம். இன்னொன்றும் உண்டு. எழுதியவர் பிறகு மனம் மாறி, "எனக்கு வைத்தியம் பாருங்கள்" என்று சொல்லியிருக்கலாம். அதை அறிந்தும், சிகிச்சை நிற்கட்டும் என்ற எண்ணத்தோடு மறைத்து, அவர் உயிர் முந்திப் போகக் காரணமானவர் மீதும் அதே கொலை வழக்குத்தான். வாய் திறக்காமல் இருந்ததற்கு! இன்றைய கலிபோர்னியச் சட்டத்திலும் இந்தப் பிரிவு இருக்கிறது. வஸிய்யத்தை மாற்றுவோரைப் பற்றி ஸூரா பகராவின் 181ஆம் வசனத்தில் ஓதியிருப்பீர்கள். எனக்கு அதுதான் நினைவுக்கு வந்தது.

சாட்சிகள் விடயத்திலும் அங்கே கவனம் அதிகம். இரண்டு சாட்சிகள் வைத்தால், ஒருவராவது உறவினராகவோ சொத்தில் பங்கு பெறுபவராகவோ இருக்கக் கூடாது. வைத்தியம் பார்ப்பவர் சாட்சியாகவே முடியாது.

இந்திய உச்ச நீதிமன்றம் 2018 மார்ச் 9 ஆம் திகதி இத்தகைய கடிதத்தை ஏற்றது. ஆனால் நீதவான் ஒருவரும் அதில் கையொப்பமிட வேண்டும் என்றது. படுக்கையில் கிடப்பவர் நீதவானை எங்கே தேடுவார்? 2023 ஜனவரியில் அதைத் தளர்த்தி, இரண்டு சாட்சிகளோடு நொத்தாரிசு அல்லது உயர்தர அரச அதிகாரி ஒருவர் உறுதிப்படுத்தினால் போதும் என்றாக்கியது. எனக்குப் பிடித்தது மற்றொரு ஏற்பாடு: ஒரு பிரதி உள்ளூராட்சி மன்ற அதிகாரியிடம் இருக்க வேண்டும். வீட்டுப் பிரதியை யாராவது அடுப்பில் போட்டாலும் அது அங்கே இருக்கும். யாராவது திருத்திய கடிதத்தைக் கொண்டுவந்து நீட்டினால், வைத்தியர் அதனோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம்.