போரா, பெரிய வண்டியா?

போன வாரம் மச்சான் பையன் வீட்டுக்கு வந்திருந்தான். வழக்கமா வந்ததும் நேரா அடுக்களைக்குப் போயி அத்தைகிட்ட ஏதாவது தின்னக் கேக்கறவன், அன்னிக்கு என் பக்கத்துல வந்து உக்காந்தான். அப்பவே எனக்குப் பொறி தட்டிச்சு, ஏதோ மேட்டர் இருக்குன்னு.

அவன் வெச்சிருக்கறது 2016 மாடல் கிளாசிக் 350. செகண்ட் ஹேண்ட்ல வாங்கினது. "மாமா, வண்டிய போர் பண்ணி 535 ஆக்கிடலாம்னு இருக்கேன். கிட்டு, லேத்து வேலை, லேபர் எல்லாம் சேத்து நாப்பத்தஞ்சாயிரம் ஆகுமாம். நீங்கதான் அப்பாகிட்ட சொல்லணும்."

ஏன்டா நானுன்னு கேட்டா, "நீங்களே அந்தக் காலத்துல பண்ணினவர்தானே?" அப்படிங்கறான். ஹூம். அந்தக் கதைக்குப் பின்னாடி வர்றேன்.

வண்டி பத்தி அவ்வளவா தெரியாத மக்களுக்காக ஒரு சின்ன வகுப்பு. தெரிஞ்சவங்க ரெண்டு பத்தி தாண்டிக்கலாம். பிஸ்டன் ஏறி இறங்குற குழாய்தான் சிலிண்டர். அதோட உள் விட்டம் போர். பிஸ்டன் ஏறி இறங்குற தூரம் ஸ்ட்ரோக். இந்த ரெண்டும் சேந்ததுதான் சிசி. வண்டி ரொம்ப நாள் ஓடி சிலிண்டர் தேஞ்சு புகை கக்க ஆரம்பிச்சா, லேத்துல குடுத்து லேசா கடைஞ்சு 0.25, 0.50 மி.மீ. ஓவர்சைஸ் பிஸ்டன் போடுவாங்க. அது வைத்தியம். அதை நான் குத்தம் சொல்ல வரலை. நல்லா இருக்குற எஞ்சினை, சக்தி வேணும்னு பத்துப் பதினஞ்சு மி.மீ. பெருசாக்குறது வேற சமாச்சாரம்.

நம்ம பையன் வண்டி இந்த ஆசைக்கு வாகா அமைஞ்ச வண்டி. பழைய கிளாசிக் 350-ல போர் 70 மி.மீ., ஸ்ட்ரோக் 90. கணக்குப் போட்டா 346 சிசி. அதே குடும்பத்து 500-ல போர் 84, ஸ்ட்ரோக் அதே 90. 499 சிசி. 2013-ல வந்த கான்டினென்டல் ஜிடி-ல போர் 87, ஸ்ட்ரோக் மறுபடியும் 90, ஆக 535 சிசி. பார்த்தீங்களா, ஸ்ட்ரோக் மூணுக்கும் ஒண்ணேதான். கம்பெனிக்காரனே போரை மட்டும் பெருசாக்கிப் புது வண்டி விட்ட மாதிரி இருக்கு. அப்புறம் பையனுக்கு ஆசை வராம என்ன செய்யும்?

நானும் முதல்ல "நல்லாத்தான்டா இருக்கு"ன்னு சொல்லிட்டேன். ராத்திரி படுத்தப்புறம் தூக்கம் வரலை. எந்திரிச்சு ஒரு பேப்பர்ல கணக்குப் போட்டேன்.

முதல் கணக்கு. 350-க்கு கம்பெனி சொன்ன சக்தி 19.8 பிஹெச்பி. 500-க்கு 27.2. அதாவது முப்பத்தேழு சதவீதம் அதிகம். கேக்க அமர்க்களமா இருக்கு. ஆனா ஹைவேல வேகமாப் போறப்போ எஞ்சின் மல்லுக்கட்டறது முக்கியமா காத்தோட. காத்தைக் கிழிக்கத் தேவைப்படற சக்தி, வேகத்தோட கனத்துக்கு, அதாவது வேகம் பெருக்கல் வேகம் பெருக்கல் வேகம்ங்கற கணக்குல ஏறும். முப்பத்தேழு சதவீதம் கூடுதல் சக்தி குடுத்தா உச்ச வேகம் கூடறது சுமார் பதினோரு சதவீதம்தான். நூறுல போன வண்டி நூத்திப்பதினொண்ணுல போகும். சரி, உச்ச வேகத்துக்காக யாரும் புல்லட் வாங்கறதில்லை, இழுவைக்காகத்தான்னு சொல்வீங்க. ஒத்துக்கறேன். 28 நியூட்டன் மீட்டர்ல இருந்து 41-ன்னா ஏத்தத்துல, லாரியத் தாண்டுறப்ப நிச்சயமாத் தெரியும்.

ரெண்டாவது கணக்குதான் என்னை எழுப்பி உக்கார வெச்சது. 350-ல கம்ப்ரஷன் 8.5-க்கு 1. பிஸ்டன் உச்சிக்கு வந்தப்புறம் மேல மிச்சம் இருக்கற இடம் சுமார் 46 சிசின்னு அர்த்தம். ஹெட்டை மாத்தாம, தட்டையான பிஸ்டனோட சிலிண்டரை மட்டும் 535 ஆக்கினா அதே 46 சிசிக்குள்ள இப்ப 581 சிசி காத்தும் பெட்ரோலும் நசுங்கணும். கம்ப்ரஷன் 12.6-க்கு 1. காத்துல மட்டுமே ஆறுற எஞ்சின் அது, சாதா பெட்ரோல்ல ஓடுற எஞ்சின். டக்டக்குன்னு நாக்கிங் பிடிச்சு பிஸ்டன் தலையைத் தின்னுடும். அதனாலதான் விவரமா கிட்டு செய்யறவங்க பிஸ்டன் தலையைக் குழியாக்கியோ, சிலிண்டருக்கு அடியில தகடு குடுத்தோ, ஹெட்டைக் கடைஞ்சோ கம்ப்ரஷனை இறக்குவாங்க. கம்பெனி 500-லயும் கம்ப்ரஷன் 8.5-தான்ங்கறதைக் கவனிங்க. அவன் போரை மட்டும் பெருசாக்கலை.

பையனுக்கு மறுநாள் போன் பண்ணி, "உன் கிட்டுல கம்ப்ரஷன் எவ்வளவுடா?"ன்னு கேட்டேன். "அது மெக்கானிக் பாத்துக்குவார் மாமா."

இந்த ஒரு பதில் போதும் எனக்கு. "கார்புரேட்டர்?" "அதுவே போதுமாம்." 500-ல கம்பெனிக்காரன் கார்புரேட்டரே வேணாம்னு இஞ்செக்ஷன் போட்டான். இங்க 346-க்குக் குடுத்த தொண்டையாலயே 535 மூச்சு விடணுமாம். கிளட்ச், கனெக்டிங் ராடு, கிராங்க் பேலன்ஸ் எதைக் கேட்டாலும் "பாத்துக்கலாம்". பெரிய பிஸ்டன்னா கனமான பிஸ்டன். பழைய பிஸ்டனுக்குன்னு எடை பாத்து வெச்ச கிராங்க்கு அது புது மருமக மாதிரி. ஒத்துப்போனா சரி, இல்லைன்னா வீடே ஆடும்.

ஒண்ணு சொல்லணும். இந்த மாதிரி எழுதறவங்க எல்லாரும் பிரேக் தாங்காது, சட்டம் தாங்காதுன்னு கட்டாயம் ஒரு வரி எழுதுவாங்க. நூறு சிசி வண்டியை நூத்தம்பது ஆக்கறவனுக்கு அது ரொம்பச் சரி. ஆனா கிளாசிக் 350-யும் 500-ம் அண்ணன் தம்பி, சட்டம் ஏறக்குறைய ஒண்ணுதான். அதனால அந்த வாதத்தை இங்க நான் தூக்கிட்டு வரலை. பொய் சொல்லி ஜெயிக்க வேண்டாம்.

இப்ப என் கதை.

1998. கல்யாணமாகி எட்டு மாசம். என்கிட்ட ஒரு நூறு சிசி டூ-ஸ்ட்ரோக். அன்னிக்கு அதுக்கு மேல போகணும்னா கடையில வழி ரொம்பக் கம்மி. ராஜ்தூத் 350 வந்த சுவடு தெரியாம போயாச்சு, யெஸ்டி 1996-ல நின்னுடுச்சு, புல்லட் வாங்க எனக்கு வசதியில்லை. அதனால போர் பண்ணினோம். அந்தத் தலைமுறை போர் பண்ணினதுல ஒரு நியாயம் இருந்துச்சுன்னு இன்னிக்கும் சொல்வேன். வேற வழி இல்லாதவன் கையில இருக்கறதைத்தானே தட்டிக்கொட்டிப் பாப்பான்?

மெக்கானிக் நல்ல மனுஷர். "சார், பிளாக் பெருசாச்சு, மெயின் ஜெட்டையும் பெருசு போட்டாகணும்"னு சொன்னார். நான்தான் மைலேஜ் போயிடும்னு வேணாம்னேன். நூறு சிசிக்கான பெட்ரோலே போதும், இழுவை மட்டும் கூட வேணும். எப்பேர்ப்பட்ட புத்தி பாருங்க. காத்து அதிகம், பெட்ரோல் கம்மி. டூ-ஸ்ட்ரோக்ல பெட்ரோலோடயே ஆயிலும் வரும் மாதிரி நான் கலந்து ஊத்திட்டிருந்தேன், ஆக பெட்ரோல் கம்மின்னா ஆயிலும் கம்மி. ஊருக்குள்ள ஒண்ணும் தெரியலை, பறந்துச்சு. ரெண்டு மாசம் தெருவுல நான்தான் ராஜா.

அப்புறம் ஒரு ஞாயித்துக்கிழமை தங்கமணியைப் பின்னாடி உக்கார வெச்சுக்கிட்டு விழுப்புரத்துக்கு, அவங்க அம்மா வீட்டுக்குக் கிளம்பினேன். ஜிஎஸ்டி ரோடு. (ரோடுதான், வரி இல்லை. அப்ப அந்த வரி பொறக்கவேயில்லை.) திண்டிவனம் தாண்டி ரோடு காலியா இருந்துச்சு. முறுக்கிப் பிடிச்சு அதே த்ராட்டில்ல பத்து நிமிஷம் போயிருப்பேன். திடீர்னு எஞ்சின் சத்தம் கம்முச்சு. அடுத்த நொடி பின் சக்கரம் பூட்டிக்கிச்சு. பிஸ்டன் ஜாம். வண்டி வாலை ஆட்டிக்கிட்டு நடு ரோட்டுல இழுத்துட்டுப் போகுது. கிளட்ச்சைப் பிடிக்கணும்னு எந்தச் சாமி சொல்லுச்சோ, பிடிச்சேன். சக்கரம் விட்டுச்சு. ஆனாலும் மண்ணுல இறங்கி ரெண்டு பேரும் விழுந்தோம். பின்னாடி வந்த லாரி ஹாரன் அடிச்சுக்கிட்டே எங்களைத் தாண்டிப் போச்சு. அந்த ஹாரன் இன்னும் காதுல இருக்கு.

எனக்கு ஒண்ணும் ஆகலை. அவளுக்கு முழங்கையில தோல் உரிஞ்சு தொங்கிச்சு. தழும்பு இன்னிக்கும் இருக்கு. மாமியார் வீட்டுல என்னாச்சுன்னு கேட்டப்போ நான் வாயத் தொறக்கறதுக்குள்ள அவளே சொன்னா, "நாய் குறுக்க வந்துடுச்சு." இத்தனை வருஷமா அந்த நாய்தான் எங்க குடும்பத்துல குற்றவாளி.

சரி, பையன் விஷயத்துக்கு வருவோம். அவனுக்கு இப்ப கிடைச்சிருக்கற புது சாக்கு, வரி. 2025 செப்டம்பர் 22-ல இருந்து 350 சிசி வரைக்கும் வண்டிக்கு ஜிஎஸ்டி 28-ல இருந்து 18 சதவீதம் ஆச்சு. அதுக்கு மேல போனா 40. "அரசாங்கமே 350-ல நில்லுங்குது மாமா, நான் 350-ய வாங்கி 535-ஆ ஓட்டறேன்." புத்திசாலித்தனமாத்தான் தோணும். ஆனா ஆர்.சி.யில 346-ன்னு இருக்கற வண்டிக்குள்ள 535 இருந்தா என்னாகும்? மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவு, கம்பெனி கொடுத்த விவரத்துக்கு மாறா வண்டிய மாத்தக் கூடாதுங்குது. 2019 ஜனவரியில உச்ச நீதிமன்றமும் அதையே உறுதியாச் சொல்லிடுச்சு. அதே வருஷம் வந்த திருத்தத்துல, அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் ஐயாயிரம் ரூபாய் அபராதமோ ஆறு மாசம் வரை ஜெயிலோன்னு சேத்தாங்க.

போலீஸ் எஞ்சினைப் பிரிச்சா பாக்கப் போறாங்கன்னு கேக்கறான். பாக்க மாட்டாங்கதான். இன்சூரன்ஸ் சர்வேயர் பாப்பார்டா. இருசக்கர வண்டிக்கு மூன்றாம் நபர் இன்சூரன்ஸ் பிரீமியமே சிசிய வெச்சுத்தான். 2022-ல நிர்ணயிச்ச கணக்குல 150-க்கு மேல 350 வரைக்கும் 1,366 ரூபாய், 350 தாண்டினா 2,804. நீ சின்ன வண்டின்னு சொல்லிக் கட்டிட்டு பெரிய வண்டிய ஓட்டறே. நாளைக்கு பெரிய அடி பட்டு வண்டி நொறுங்கினா, சொல்லாம செஞ்ச மாற்றத்தைக் காட்டி கிளைமை மறுக்க அவங்க கையில நீயே சீட்டு எழுதிக் குடுத்த மாதிரி. வண்டி போனா பரவாயில்லை. எதிர்ல ஒருத்தனுக்கு அடிபட்டு கோர்ட்டுக்குப் போனா, இந்த 535 யாருக்கு உதவும்?

அப்ப ஆசையை என்ன பண்றது? என்னைக் கேட்டா, ரெண்டு வழி. ஒண்ணு, ரேஸ் ஓட்டற ஆளா இருந்தா தாராளமா போர் பண்ணு, இருங்காட்டுக்கோட்டை டிராக்ல கொண்டுபோய் கிழி. அங்க லாரி இல்ல, பின் சீட்டு இல்ல. இன்னொண்ணு, அந்த 350-ய வித்துடு. கூட அந்த நாப்பத்தஞ்சாயிரத்தைப் போட்டு ஒரு பழைய 500 பாரு. 2020-ல நிறுத்தினாங்க, ஆனா செகண்ட் ஹேண்ட்ல இன்னும் கிடைக்குது. அதே போர், அதே ஸ்ட்ரோக் கதைதான், ஆனா கிராங்க்ல இருந்து இஞ்செக்ஷன் வரை ஒருத்தன் உக்காந்து யோசிச்சு வெச்சது. ஆர்.சி.யிலயும் 499-ன்னே இருக்கும். புதுசுதான் வேணும்னா 650 இருக்கு, 47 குதிரை, ஆனா அந்த 40 சதவீதம் உன் அப்பாவோட பாக்கெட்.

"என் வண்டிய விக்க மனசு வரலை மாமா"ன்னான். இதுக்கு மட்டும் என்கிட்ட பதில் இல்லை. மனசு வரலைன்னா அதை 346-ஆவே வெச்சு ஓட்டேன்டா, அதுல கத்தி வெக்கறதுக்கு மட்டும் எப்படி மனசு வருது?

நேத்து சாயங்காலம் மச்சான் வீட்டுக்குப் போனேன். பையன் கேட்டபடியே பேசினேன், ஆனா அவன் கேட்ட மாதிரி இல்லை. திண்டிவனம் கதை முழுசையும், ஜெட் வேணாம்னு நான் சொன்னது உட்பட, சொல்லிட்டேன். மச்சான் ரொம்ப நேரம் பேசலை. அப்புறம் தங்கச்சியப் பாத்து, "அப்ப நாய்?" அப்படின்னார். அவ ஒண்ணும் சொல்லாம காபி டம்ளரை எடுத்துக்கிட்டு உள்ள போயிட்டா. பையன் என் முகத்தையே பாத்துக்கிட்டிருந்தான்.

வர்ற ஞாயித்துக்கிழமை தாம்பரத்துல ஒரு 500 பாக்கப் போறோம், மூணு பேரும். ஓட்டிப் பாக்கறது பையன் மட்டும்தான்னு தங்கமணி உத்தரவு.

டிஸ்கி: அந்த டூ-ஸ்ட்ரோக் இன்னும் எங்க வீட்டுப் பின்பக்கம் தார்ப்பாய்க்கு அடியில இருக்கு. பழைய நூறு சிசி பிளாக்கையே திரும்பப் போட்டாச்சு. விக்கறதா இல்லை, கேக்காதீங்க.