ஜாம்பி படத்துல லாஜிக் பாக்கலாமா?

"ஜாம்பி படத்துல போய் லாஜிக் பாக்கலாமா?" இந்த ஒரே ஒரு கேள்வியைக் கேடயமாகப் பிடித்துக்கொண்டு ஹாலிவுட்டில் பலர் வருடக்கணக்கில் வண்டி ஓட்டியிருக்கிறார்கள். செத்தவன் எழுந்து நடப்பதையே நம்பியாகிவிட்டது, அதற்கு மேல் என்ன கேள்வி வேண்டிக் கிடக்கிறது என்பது வாதம். கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கும். ஆனால் சுத்த ஏமாற்று வேலை.

பிணம் எழுந்து நடப்பது லாஜிக் ஓட்டையே அல்ல. அது கதையின் முதல் நிபந்தனை, அவ்வளவுதான். பாட்டி "ஒரு காட்டுல ஒரு நரி பேசுச்சாம்" என்று ஆரம்பித்தால் எந்தக் குழந்தையும் நரி எப்படிப் பேசும் என்று கேட்காது. ஆனால் அந்த நரிக்கு நீச்சலே தெரியாது என்று சொல்லிவிட்டு, கொஞ்ச நேரம் கழித்து அது ஆற்றை நீந்திக் கடந்தது என்றால் அஞ்சு வயசுப் பிள்ளைகூட "நீதானே தெரியாதுன்னு சொன்ன?" என்று மடக்கும். அந்தப் பிள்ளைக்கு இருக்கிற மரியாதைகூடவா காசு கொடுத்து டிக்கெட் வாங்கியவனுக்குக் கிடையாது?

அதிலும் ஜாம்பி படத்துக்குச் சட்டதிட்டம்தான் உயிர். பேய் என்றால் சுவரைத் துளைத்து வரும், கனவில் வரும், எதையும் செய்யும். ஜாம்பி அப்படியல்ல. கடித்தால் தொற்றும், மண்டையை உடைத்தால் விழும், கதவைச் சாத்தினால் கொஞ்ச நேரம் வெளியே நிற்கும். படம் பார்ப்பவன் உள்ளுக்குள் கணக்குப் போட்டுக்கொண்டே இருப்பான்: துப்பாக்கியில் எத்தனை குண்டு பாக்கி, கடிபட்டவனுக்கு இன்னும் எவ்வளவு நேரம், பின்கதவு திறந்திருக்கிறதா. அந்தக் கணக்குதான் பயம். விதியை இஷ்டத்துக்கு மாற்றினால் கணக்கு போச்சு, பயமும் போச்சு. மிச்சம் வெறும் சத்தம்.

இதைச் சரியாகச் செய்தவர் ஒருவர் இருக்கிறார். ஜார்ஜ் ரொமேரோ. 1968-ல் 'நைட் ஆஃப் தி லிவிங் டெட்', 1978-ல் 'டான் ஆஃப் தி டெட்', 1985-ல் 'டே ஆஃப் தி டெட்', 2005-ல் 'லேண்ட் ஆஃப் தி டெட்'. முதலுக்கும் நாலாவதுக்கும் நடுவில் 37 வருடம். எப்படிச் செத்தாலும் எழுந்து வரும், மூளையை அழித்தால்தான் அடங்கும் என்ற அடிப்படை அசையவே இல்லை. எதனால் எழுகின்றன? முதல் படத்தில் டிவிக்காரர்கள் வீனஸ் கிரகத்துக்குப் போய்த் திரும்பிய விண்கலத்தின் கதிர்வீச்சு என்று ஊகிக்கிறார்கள். அதற்குப் பிறகு உறுதியான பதில் கிடையாது. இதை ஓட்டை என்று சொல்ல முடியாது. கதைக்குள் இருப்பவர்களுக்கே தெரியாது, எனவே படமும் சொல்லவில்லை.

'லேண்ட்' படத்தில் ஜாம்பிக்கூட்டத்துக்கு ஒரு தலைவன் முளைத்து, துப்பாக்கி பிடிக்கக் கற்றுக்கொள்கிறான். விதியை உடைத்துவிட்டார் என்று அப்போது சிலர் குதித்தார்கள். சரியாகப் பார்க்காதவர்களின் பேச்சு அது. 1968 படத்தில் கல்லறைத் தோட்டத்தில் வரும் முதல் ஜாம்பியே காரின் கண்ணாடியை உடைக்கக் கல்லைத்தான் எடுக்கிறது. 1985-ல் பப் என்ற ஜாம்பி சல்யூட் அடிக்கிறது, கடைசியில் கேப்டனையே சுடுகிறது. விதை போட்டு, தண்ணீர் ஊற்றி, 37 வருடம் கழித்துக் காய் பறித்திருக்கிறார் மனுஷன். மாற்றம் வேறு, புளுகு வேறு.

புளுகுக்கு உதாரணம் வேண்டுமென்றால் 'ரெசிடென்ட் ஈவில்'. 1996-ல் கேப்காம் வெளியிட்ட வீடியோ கேமிலிருந்து பிறந்த தொடர். 2002 முதல் 2016 வரை ஆறு படங்கள். (இனிமேல் கதை முழுக்க உடைபடும். பார்க்காதவர்கள் பெரிதாக எதையும் இழந்துவிட மாட்டார்கள்.)

முதல் படத்தில் அம்ப்ரெல்லா நிறுவனத்தின் பாதாள ஆராய்ச்சிக்கூடத்தில் டி-வைரஸ் வெளியாகிறது. ரெட் குயீன் என்ற கம்ப்யூட்டர் வாயாலேயே விளக்கம் வருகிறது: இந்த வைரஸ் திரவமாகவும் இருக்கும், காற்றிலும் பரவும், ரத்தத்திலும் தொற்றும், சூழ்நிலைக்கேற்ப மாறிக்கொள்ளும். அது வெளியே போய்விடக்கூடாது என்றுதான் உள்ளே இருந்த நூற்றுக்கணக்கானவர்களைக் கொன்றுவிட்டு ரெட் குயீன் கதவைப் பூட்டியது. சபாஷ், நல்ல விதி. சரி, அதே கூடத்துக்குள் நாயகி ஆலிஸும் கமாண்டோக்களும் மூக்கில் ஒரு கைக்குட்டைகூட இல்லாமல் மணிக்கணக்கில் மூச்சுவிட்டுக்கொண்டு ஓடுகிறார்களே, அவர்களில் ஒருவருக்குக்கூடக் காற்றில் தொற்றவில்லையே, ஏன்? கடி வேண்டும், இல்லை கீறல் வேண்டும். காற்றில் பரவும் சக்தி கதவு பூட்டும்போது மட்டும் வேலை செய்யும் போல.

2004-ல் வந்த இரண்டாம் படத்தில் ஊர்க் கல்லறையைப் பிளந்துகொண்டு பழைய பிணங்கள் எழுந்து வருகின்றன. மேலே தெருவில் மூச்சுவிட்டு நடமாடுகிறவர்களைத் தொற்றாத வைரஸ், மண்ணுக்கடியில் சவப்பெட்டிக்குள் மூச்சே விடாமல் கிடப்பவரைத் தொற்றியிருக்கிறது! பிணம் மண்ணைப் பிளந்து கையை நீட்டினால் ஷாட் நன்றாக இருக்கும் என்று யாருக்கோ தோன்றியிருக்கும். வைத்துவிட்டார்கள்.

அந்தப் படத்தின் முடிவில் நகரத்தையே அணுகுண்டு போட்டு அழிக்கிறார்கள். 2007-ல் மூன்றாம் படம் தொடங்கினால், வைரஸ் உலகம் முழுக்கப் பரவி ஏரி, ஆறு எல்லாம் வற்றிக் காடெல்லாம் பாலைவனமாகிவிட்டதாம். மனிதனையும் நாயையும் காக்கையையும் ஜாம்பியாக்குகிற வைரஸ் ஆற்றுத் தண்ணீரை என்ன செய்யும்? குடிக்குமா? விளக்கம் கிடையாது. லாஸ் வேகாஸ் மணலில் புதைந்து கிடக்கும் காட்சி வேண்டும், அதற்குப் பாலைவனம் வேண்டும். அவ்வளவே.

நாலாவது படத்தில் சில ஜாம்பிகளின் வாய்க்குள்ளிருந்து நாலு கொடுக்கு விரிகிறது. ஆள் உயர ஆயுதத்தோடு ஒரு ராட்சசன் வருகிறான். எங்கிருந்து வந்தான், யார் அனுப்பினார்கள்? கேமில் இருந்தான், படத்துக்கும் வந்துவிட்டான். ஐந்தாவதில் ஜாம்பிகள் துப்பாக்கியோடு பைக் ஓட்டுகின்றன. ரொமேரோவுக்கு 37 வருடம் பிடித்த வேலையை இவர்கள் ரெண்டே வருடத்தில் முடித்துவிட்டார்கள்!

ஆனால் 2016-ல் வந்த கடைசிப் படத்துக்கு முன்னால் இதெல்லாம் தூசு. டி-வைரஸ் ஏன் உண்டானது? இரண்டாம் படம் தெளிவாகச் சொன்னது: டாக்டர் ஆஷ்ஃபோர்ட் தன் மகள் ஏஞ்சலாவின் நோயைத் தீர்க்கக் கண்டுபிடித்தது. ஆறாம் படம் அதே தெளிவோடு சொல்கிறது: டாக்டர் மார்கஸ் தன் மகள் அலிஷியாவின் நோய்க்காகக் கண்டுபிடித்தது. ஆஷ்ஃபோர்ட் என்று ஒருவர் இருந்த சுவடே இல்லை. முதல் படத்தில் வைரஸ் வெளியானதற்குக் காரணம் ஸ்பென்ஸ் என்ற ஊழியனின் திருட்டு ஆசை. ஆறாம் படத்திலோ, உலகத்தை அழிப்பதே நிறுவனம் உட்கார்ந்து பேசிப் போட்ட திட்டமாம். அப்படியானால் முதல் படத்தில் ரெட் குயீன் ஏன் கதவைப் பூட்டியது? யாரிடமிருந்து எதைக் காப்பாற்ற? மூன்றாம் படத்தில் லேசரில் துண்டு துண்டான டாக்டர் ஐசக்ஸ் முழுசாக வந்து நிற்கிறார். கேட்டால், அன்றைக்குச் செத்தது குளோனாம்.

ஐந்தாம் படம் வெள்ளை மாளிகையின் மாடியில் ஆலிஸ், லியோன், ஏடா, ஜில் எல்லோரையும் நிறுத்தி, மனித இனத்தின் கடைசிப் போர் இதோ என்று முடிந்தது. ஆறாம் படம் அந்தப் போர் முடிந்த பிறகு இடிபாட்டில் தொடங்குகிறது. போரையே காணோம். கூட நின்றவர்கள் என்ன ஆனார்கள்? ஆலிஸ் பொறுப்பேற்றுக் கூட்டிவந்த பெக்கி என்ற சிறுமி எங்கே? ஒரு வார்த்தை கிடையாது. டிரெய்லர் மாதிரி ஒரு முடிவைக் காட்டிக் காசு வாங்கிவிட்டு, அடுத்த முறை "அது போன வாரம்" என்று கையை விரிப்பதற்குப் பெயர் கதையா?

தீர்வு என்ன தெரியுமா? காற்றில் பரவும் மாற்று மருந்து. காற்றில் பரவும் வைரஸ் நாயகியின் மூக்கைத் தாண்டவில்லை. காற்றில் பரவும் மருந்து மட்டும் வருடக்கணக்கானாலும் உலகத்தையே சுற்றிவந்துவிடும்.

எழுத்தாளர் மாறினார், இயக்குநர் மாறினார் என்று சாக்கு சொல்லவும் வழியில்லை. ஆறு படத்துக்கும் திரைக்கதை பால் டபிள்யூ. எஸ். ஆண்டர்சன், அதில் நாலை இயக்கியதும் அவரே. அவர் எழுதியதை அவரே திரும்பிப் படிக்கவில்லை. ஆறும் சேர்ந்து உலகம் முழுக்க 120 கோடி டாலருக்கு மேல் அள்ளியிருக்கும்போது எதற்குப் படிக்க வேண்டும்?

நல்ல படைப்பாளிகளும் வழுக்குகிறார்கள், ஒப்புக்கொள்ள வேண்டியதுதான். டானி பாயில் இயக்கிய '28 டேஸ் லேட்டர்' (2002) படத்தில் வருபவை பிணங்களே அல்ல. வெறி வைரஸ் தொற்றிய உயிருள்ள மனிதர்கள். அதனால் சாப்பாடில்லாமல் பட்டினியில் சாவார்கள். கச்சிதமான விதி. 2007-ல் வேறொருவர் இயக்கிய '28 வீக்ஸ் லேட்டர்' அதை மதித்துத்தான் தொடங்குகிறது. பிறகு, வைரஸை உடம்பில் சுமக்கும் ஒரே பெண்ணைக் காவலுக்கு ஆளே இல்லாத அறையில் படுக்க வைத்துவிட்டு, கட்டடப் பராமரிப்பாளரான அவள் கணவனின் அட்டைக்கு எல்லாக் கதவும் திறக்கும்படி விடுகிறது. அவனும் தொற்றி வெறியனாகிறான். ஆனால் மற்றவர்களைப் போல் கண்டவன்மேல் பாயாமல், தன் பிள்ளைகளை மட்டும் லண்டன் முழுக்கத் துப்பறிவாளன் மாதிரி பின்தொடர்கிறான். கடைசிக் காட்சியில் வைரஸ் பாரீஸ் வந்துவிடுகிறது. 2025-ல் பாயில் எடுத்த '28 இயர்ஸ் லேட்டர்' அந்த பாரீஸை ஆரம்பத்திலேயே, ஐரோப்பாவிலிருந்து விரட்டியாகிவிட்டது என்று ஒரே வரியில் துடைத்துப் போட்டது. பட்டினி விதிக்கு மட்டும் ஏதோ பதில் வைத்திருக்கிறார்கள். புழு தின்கிறார்கள், வேட்டையாடுகிறார்கள். பாதி மார்க் போடலாம். பதில் சொல்ல வேண்டும் என்ற எண்ணமாவது இருந்தது.

'ரெசிடென்ட் ஈவில்' முதல் படத்தில் உருப்படியான காட்சி ஒன்று உண்டு. ரெயின் என்ற பெண் கமாண்டோ கடிபட்டுச் சோர்ந்திருக்கிறாள். அவளைக் கொன்றால்தான் கதவு திறக்கும் என்கிறது ரெட் குயீன். இவ்வளவு நேரம் கழித்து மருந்து வேலை செய்யும் என்று நம்ப முடியாதாம். ரெயினே கோடாரியை நீட்டி வெட்டச் சொல்கிறாள். ஆலிஸ் மறுத்து, கோடாரியை ரெட் குயீனின் திரைமேல் இறக்குகிறாள். மருந்து கிடைக்கிறது, போடுகிறார்கள், பலிக்கவில்லை. ரெயின் சாகிறாள். விதி விதியாக இருந்ததால் அந்தச் சாவு வலித்தது.

2012-ல் அதே ரெயினைக் குளோனாக்கித் திரும்பக் கொண்டுவந்தார்கள். ஒன்று இல்லை, நல்லவள் ஒன்று, கெட்டவள் ஒன்று என ரெண்டு.