காலிருந்தும் வழியறியார்

மோட்டார் வண்டி நிறுத்தும் இடத்தைப் பற்றித் தலையங்கம் எழுத வேண்டுமா என்று நமது வாசகர்களில் சிலர் கேட்கக்கூடும். தேசத்தில் இதனினும் பெரிய விஷயங்கள் இல்லாமற் போயினவா என்பார்கள். மறதிநோய் கண்ட தாயையோ தந்தையையோ வீட்டில் வைத்துக் காப்பாற்றி வரும் ஒருவரேனும் அவ்வாறு கேட்கமாட்டார்.

டிமென்ஷியா என்று வைத்தியர்கள் கூறும் இந்நோய், முதுமையில் பலருக்கும் நேரும் சாதாரண மறதியினின்றும் வேறானது. நினைவு மட்டுமின்றித் திசையறிவும், காலவுணர்வும், எதிரே நிற்பவர் யாரென்னும் தெளிவும் இதில் சிறுகச் சிறுக நீங்குகின்றன. கால்களோ அநேகருக்குப் பல வருஷங்கள் திடமாகவே இருக்கும். 2023-ஆம் ஆண்டில் வெளியான ஓர் ஆராய்ச்சி, இந்தியாவில் 60 வயது கடந்தோரில் நூற்றுக்கு 7.4 பேர், அதாவது சுமார் 88 லட்சம் பேர், இந்நோய்க்கு ஆளானவர்கள் என்று மதிப்பிட்டிருக்கிறது.

ஒரு மகள் தம் தகப்பனாரைத் தனியாக ஆஸ்பத்திரிக்கு அழைத்து வருகிறார் என்று வைத்துக்கொள்வோம். வாசலில் வண்டி நிற்கலாகாதென்று காவற்காரர் விசில் ஊதுகிறார். இடம் கிடைப்பது இரண்டு தெருக்களுக்கு அப்பால். தகப்பனாரை வாசலில் இறக்கிவிட்டுப் போனால், மகள் திரும்புவதற்குள் அவர், முப்பது வருஷங்களுக்கு முன் விற்றுவிட்ட வீட்டைத் தேடி நடக்கத் தொடங்கிவிடலாம். உடன் அழைத்துச் சென்றாலோ, பஸ்ஸும் லாரியும் ஓயாது ஓடும் வீதியில், கையை உதறிக்கொள்ளும் ஒருவரை இழுத்துப் பிடித்துக்கொண்டு திரும்ப வேண்டும். இவ்விரண்டுக்கும் அஞ்சி வீட்டோடு அடங்கிவிடும் குடும்பங்களும் உண்டு. நோயாளிக்கு வைத்தியம் தவறுகிறது. காப்பவருக்கு உலகமே நாலு சுவராகிவிடுகிறது.

வாசலருகே இடமே இல்லையா? தேசியக் கட்டட விதித்தொகுப்பு, உடற்குறை உள்ளோரின் வண்டிகளுக்கு நுழைவாயிலிலிருந்து 30 மீட்டருக்குள் இடம் விடச் சொல்கிறது. அவ்விடத்தில் சக்கர நாற்காலியின் சித்திரம் தீட்டப்பட்டிருக்கிறது. நடந்து வரக்கூடியவருக்கு இது எதற்கு என்று காவற்காரர் கேட்கிறார். அவர்மீது நமக்குக் கோபமில்லை. சித்திரத்தில் கண்டதை அவர் சொல்கிறார்.

சட்டம் சொல்வது யாது? 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் அட்டவணையில் 21 வகைக் குறைபாடுகள் கூறப்பட்டிருக்கின்றன. அவற்றில் டிமென்ஷியா என்ற பெயர் காணப்படவில்லை. ஆயினும் மனநோய்க்கு அவ்வட்டவணை வகுத்த இலக்கணத்தில், நினைவும் சூழலறிவும் பெரிதும் கெடுதல் என்பது வெளிப்படையாகவே அடங்கியிருக்கிறது. சட்டத்தின் 2-ஆம் பிரிவு, ஊதியமின்றிப் பணிபுரியும் குடும்பத்தாரையும் பராமரிப்பாளர் என ஏற்கிறது. பஸ், ரெயில், விமான நிலையங்களில் வண்டி நிறுத்தும் இடங்களும் இவர்களுக்கு ஏற்றவாறு அமைய வேண்டுமென்கிறது 41-ஆம் பிரிவு. இவற்றைச் சேர்த்துப் படிப்போருக்கு, நாம் கேட்பது சட்டத்தின் நோக்கத்திற்கு முற்றும் இசைந்ததென்பது விளங்கும். ஐயத்திற்கு இடமில்லாத உத்தரவொன்றே வேண்டுவது.

இங்கிலாந்தில் 1970-ஆம் வருஷச் சட்டத்தின்கீழ் ஏற்பட்ட அட்டைமுறை, நெடுங்காலம் பெரும்பாலும் நடக்க இயலாதவர்களையே கருதியிருந்தது. 2019 ஆகஸ்டு 30 முதல், பிரயாணத்தில் தமக்கோ பிறருக்கோ பெருந்தீங்கு நேரக்கூடிய நிலையில் உள்ளவர்களும் நீல அட்டைக்குத் தகுதி பெற்றார்கள். அட்டை நோயாளியின் பெயரில் இருக்கும். அவர் எந்த வண்டியில் ஏறுகிறாரோ அந்த வண்டிக்குச் செல்லும். அவரில்லாத பயணத்தில் அதைக் காட்டினால் 1,000 பவுன் வரை அபராதம் விதிக்கலாம். பிறதேசத்தார் செய்தனர் என்பதற்காக நாமும் செய்ய வேண்டுமென்பதில்லை. நியாயமும் ஒழுங்கும் ஒருங்கே பொருந்தியிருப்பதால் இதை எடுத்துக்காட்டுகிறோம்.

பொய்ச் சான்று பெருகும் என்பது ஓர் ஆட்சேபம். வைத்தியக் குழுவின் பரிசோதனையும் கடுமையான அபராதமும் அதற்குப் பரிகாரம். சக்கர நாற்காலியில் வருவோரின் சொற்ப இடமும் பறிபோகும் என்பது மற்றொன்று. இது கனமான ஆட்சேபம். நாற்காலியை இறக்க 3.6 மீட்டர் அகலமான இடம் வேண்டும். மறதிநோயாளிக்கோ அகலம் வேண்டாம், அண்மை போதும். ஆகையால் அவர்கள் இடத்தைத் தொடாமல், அதனருகே சாதாரண அளவில் இரண்டொரு இடங்களைச் சேர்த்து ஒதுக்குவதே முறை.

நம் ஜனங்களிற் பெரும்பாலோருக்குச் சொந்த மோட்டார் இல்லை என்பதையும் மறத்தலாகாது. ஆட்டோவிலும் வாடகைக் காரிலும் வருபவர்களே அநேகர். அட்டையைக் காட்டினால், நோயாளியை உள்ளே கொண்டு சேர்க்கும்வரை அவ்வண்டியும் வாசலில் நிற்க அநுமதி வேண்டும். ஆஸ்பத்திரி மட்டுமல்ல, பாங்கி, கோயில், சர்க்கார் கச்சேரி எங்கும் இவ்வழக்கம் பரவ வேண்டும்.

இதற்குப் பெரும் பொருட்செலவில்லை. தமிழ்நாட்டுச் சர்க்கார் ஓர் உத்தரவும், வாசற்காவலருக்குச் சில மணி நேரப் பயிற்சியும் அளித்தால் போதும். நமக்குக் கைபிடித்து நடை கற்பித்தவர்கள் இன்று வழி தெரியாமல் நிற்கிறார்கள். அவர்கள் கையை விடாமல் பற்றியிருப்பவரை, வண்டிக்கு இடம் தேடும் பொருட்டு அக்கையை விடும்படி நாம் வற்புறுத்தலாமா? உத்தரவு பிறப்பிக்கும் அதிகாரமுடையோர் யோசிப்பாராக.