பெட்டியைப் பார்க்காதீங்க... ஒயரைப் பாருங்க!

ஃபைனல் இயர் ப்ராஜெக்ட் ரிவ்யூ ஞாபகம் இருக்கா பாஸ்? முன்பக்கம் பளபளன்னு அக்ரிலிக் ஷீட், வரிசையா எல்.இ.டி., நடுவுல ஒரு குட்டி டிஸ்ப்ளே. எக்ஸ்டர்னல் பார்த்துட்டு ‘வெரிகுட்’னு தலையாட்டுவார். ஆனா, பின்பக்க மூடியைக் கழட்டினா... ராத்திரி 2 மணிக்கு அவசரமா கட்டின நூடுல்ஸ்! ‘ஆண்டவா, இவர் பின்பக்கம் மட்டும் திருப்பிப் பார்த்துடக் கூடாது’ன்னு வேண்டிக்கிட்டு நின்ன அனுபவம் நம்மில் பலருக்கும் உண்டு.

இப்ப அந்தப் பெட்டியை ஒரு குட்டி விமானத்துல மாட்டி, உங்களையே பைலட் சீட்ல உட்காரவெச்சு, மேகத்துக்குள்ள அனுப்பினா? ஏறுவீங்களா?

இந்த வாரம் மேட்டர் அதுதான்.

அமெரிக்காவுல சொந்த விமானம்னா அது கோடீஸ்வரங்க சமாசாரம் மட்டும் இல்ல. நாலு பேர் சேர்ந்து பங்கு போட்டுக்கூட பழைய விமானம் வாங்குறாங்க. அதுல ரொம்பப் பிரபலம், செஸ்னா 172. நாலு சீட், ஒரே இன்ஜின். 1956-ல் சந்தைக்கு வந்தது. இதுவரை 44,000-க்கும் மேல் தயாரித்திருக்கிறார்கள். உலகத்துல வேற எந்த விமான மாடலும் இத்தனை எண்ணிக்கையில் செய்யப்பட்டதில்லை.

அதுல 1975 மாடல் ஒண்ணு உங்க கைக்கு வந்திருக்குனு வெச்சுக்குங்க. கான்சாஸ் மாநிலம் விச்சிட்டாவில் செஞ்சது. இன்ஜின் நல்லா இருக்கு, இறக்கையும் ஓகே. பிரச்னை, கண்ணுக்கு முன்னாடி இருக்குற பேனல்ல!

அங்கே ஆறு வட்டக் கருவிகள் இருக்கும். வேகம், உயரம், திசை, ஏறுறோமா இறங்குறோமா, எந்தப் பக்கம் திரும்புறோம்... இப்படி. இதுக்கு ‘சிக்ஸ் பேக்’னு பேர். (சூர்யா ஞாபகம் வந்தா நான் பொறுப்பில்ல!) அதுல ராஜா, நடுவுல இருக்கற ‘ஆட்டிட்யூட் இண்டிகேட்டர்’. செயற்கைத் தொடுவானம். வெளியே எதுவும் தெரியாதபோது, எது வானம், எது பூமினு சொல்றது அதுதான்.

பழைய விமானத்துல அது எப்படி வேலை செய்யுது? இன்ஜினோடு சேர்ந்து சுத்துற ஒரு வேக்குவம் பம்ப் காற்றை உறிஞ்சும். அந்தக் காற்றோட்டத்துல, கருவிக்குள்ளே பம்பரம் மாதிரி ஒரு கைரோ சுத்தும். பம்ப் ஒருநாள் சொல்லாம கொள்ளாம செத்துப்போகலாம். ஆனா, பம்பரம் உடனே நிக்காது. வேகம் குறைஞ்சு, மெதுவா சாயும். திரையில தொடுவானமும் சாயும். மேகத்துக்குள்ள இருக்குற பைலட், சாய்ஞ்சது விமானம்தான்னு நம்பி அதை ‘நேராக்க’ முயற்சி பண்ணுவார். அங்கேதான் ஆபத்து ஆரம்பம்! உங்க காதுக்குள்ள இருக்குற பேலன்ஸ் உறுப்பும் மேகத்துக்குள்ள பொய் சொல்லும்.

பயமுறுத்தச் சொல்லல. 2000-ம் ஆண்டு அக்டோபர் 16, இரவு. மிசௌரி மாநில கவர்னர் மெல் கார்னஹன், செனட் தேர்தல் பிரசாரத்துக்காக ஒரு இரட்டை இன்ஜின் செஸ்னா 335-ல் பறந்துகொண்டிருந்தார். ஓட்டியது அவருடைய மகன். மோசமான வானிலை. விமானம் விழுந்து, கவர்னர், மகன், உதவியாளர் என மூன்று பேரும் இறந்தார்கள். திசை உணர்வு குழம்பி பைலட் கட்டுப்பாட்டை இழந்ததுதான் காரணம் என்றது விசாரணை. அதுக்குத் துணைபோன காரணங்களில் ஒன்று, பைலட் பக்கத்து ஆட்டிட்யூட் இண்டிகேட்டர் பழுதானது. மூன்று வாரம் கழித்து நடந்த தேர்தலில், வாக்குச்சீட்டில் பெயர் அப்படியே இருந்த கார்னஹன், இறந்த பிறகும் ஜெயித்தார்.

இதுல எந்த ஒர்க்‌ஷாப்பையும் நான் குத்தம் சொல்ல வரல. உள்ளங்கை அகல வட்டத்துக்கு எவ்வளவு கனம்னு சொல்றேன், அவ்வளவுதான்.

சரி, மாத்திடலாம். கடை கடையா சாமான் இருக்கு. உதாரணத்துக்கு, கார்மின் ஜி5. பம்ப்பும் வேண்டாம், பம்பரமும் வேண்டாம், முழுக்க எலெக்ட்ரானிக். விமானத்துல கரண்டே போனாலும் அதோட சொந்த பேட்டரி 4 மணி நேரம் வரை தாங்கும். இதை மாட்டித் தர்ற இடத்துக்குப் பேர் ‘ஏவியானிக்ஸ் ஷாப்’. ஏவியேஷனும் எலெக்ட்ரானிக்ஸும் சேர்ந்த வார்த்தை.

இங்கேதான் பலரும் சறுக்குறாங்க. எந்தப் பெட்டி வாங்கலாம்னு ஆறு மாசம் மண்டையை உடைச்சுக்குவாங்க. யார்கிட்ட மாட்டலாம்கறதை ஆறே நிமிஷத்துல முடிவு பண்ணிடுவாங்க. பெட்டி எல்லாக் கடையிலும் ஒண்ணுதான் பாஸ். மாட்டுற கைதான் வேற வேற!

அப்ப எப்படித் தேர்ந்தெடுக்கறது?

முதல்ல பேப்பர். அமெரிக்க விமானத்துறையான எஃப்.ஏ.ஏ., ‘ரிப்பேர் ஸ்டேஷன்’னு சான்றிதழ் தருது. அது இருக்கா, எந்தெந்த வேலைக்குனு பாருங்க. நீங்க மாட்டப்போற கருவி உங்க மாடல் விமானத்துக்கு அனுமதிக்கப்பட்டதானும் கேளுங்க. வேலை முடிஞ்சதும் லாக் புக்ல பதிவு, புது எடைக் கணக்கு எல்லாம் கைக்கு வரணும். பழைய பம்ப்பைக் கழட்டினா எடை குறையும், விமானத்தோட பேலன்ஸ் புள்ளியும் நகரும். ‘அதெல்லாம் அப்புறம் அனுப்பறோம் சார்’னு சொன்னா, அப்பவே ஒரு கும்பிடு போட்டுக் கிளம்புங்க.

ரெண்டாவது, ஹேங்கருக்குள்ள நடங்க. ரிசப்ஷன் சோபா, ஃபில்டர் காபியெல்லாம் கணக்குல சேராது. பேனலைக் கழட்டிப்போட்ட விமானம் ஒண்ணாவது நிக்கும். அதோட பின்பக்கத்தைக் காட்டச் சொல்லுங்க. ஒயரெல்லாம் கட்டுக்கட்டா சேர்த்துக் கட்டி, பெயர் ஒட்டி இருக்கா? கூர்மையான தகட்டுல உரசுதா? பைலட் பிடிக்கற கன்ட்ரோல் போய் வர்ற பாதையில ஏதாவது தொங்குதா? தொங்குற ஒரு ஒயர் கன்ட்ரோல்ல மாட்டினா, கதை கந்தல். கழட்டின பழைய கருவியோட ஒயரை உருவி எடுக்கறாங்களா, இல்ல வெட்டி அப்படியே உள்ளே விட்டுடறாங்களானும் கேளுங்க. காட்டத் தயங்கற கடைக்கு ஏதோ காரணம் இருக்கு!

மூணாவது, ‘எங்க விமானத்துல ஆட்டோபைலட் என்ன ஆகும்?’னு கேளுங்க. சில பழைய ஆட்டோபைலட்டுகள், அந்த வேக்குவம் தொடுவானக் கருவியில் இருந்துதான் சிக்னல் வாங்கும். அதைக் கழட்டினா ஆட்டோபைலட் குருடு. விஷயம் தெரிஞ்ச கடை, நீங்க கேட்கறதுக்கு முன்னாடியே உங்க ஆட்டோபைலட் மாடல் நம்பரைக் கேட்கும். ‘பார்த்துக்கலாம் பாஸ்’னு பதில் வந்தா, நீங்களும் வேற கடை பார்த்துக்குங்க.

நாலாவது, காசு. பெட்டி விலை தனி, கூலி தனினு எழுத்துல வாங்குங்க. 1975 விமானத்தைத் திறந்தா உள்ளே என்ன பூதம் இருக்குமோ தெரியாது. தோல் உரிஞ்ச ஒயர் இருக்கலாம், யாரோ எப்பவோ பண்ணின ஒட்டுவேலை இருக்கலாம். அப்படி ஏதாவது கிடைச்சா, கை வைக்கறதுக்கு முன்னாடி போன் பண்ணுவாங்களா? இதையும் அந்தப் பேப்பர்லயே எழுதச் சொல்லுங்க. தேதியிலும் உஷார். ஏ.டி.எஸ்.-பி.னு ஒரு கருவி. விமானம் எங்கே இருக்குனு தானே ஒலிபரப்பும். பெரிய ஏர்போர்ட்டுகளைச் சுத்தி இருக்கற வான்பகுதியில பறக்க, 2020 ஜனவரி 1-ல் இருந்து அது கட்டாயம். அந்தத் தேதி நெருங்க நெருங்க ஷாப்களில் கூட்டம் முண்டியடித்தது. கடைசி நேர அவசரம்னா வேலை எப்படி இருக்கும்னு, ரெக்கார்டு நோட் எழுதின உங்களுக்குச் சொல்லணுமா என்ன?

அஞ்சாவதுதான் ரொம்ப முக்கியம். அந்தக் கடையில ஆறு மாசம் முன்னாடி வேலை முடிச்சுட்டுப் போனவரைத் தேடிப் பிடிங்க. ‘நல்லாப் பண்ணாங்களா?’னு கேட்காதீங்க. ‘ஆமா’னுதான் சொல்வார். ‘அப்புறம் என்ன தகராறு வந்துச்சு? சொன்னப்ப என்ன பண்ணாங்க?’னு கேளுங்க. அத்தனை ஒயர் மாத்தினா, ஏதாவது ஒண்ணு ரெண்டு இடறத்தான் செய்யும். ரேடியோவுல இரைச்சல் வரும், ஏதோ ஒரு லைட் எரியாது. அப்ப மூஞ்சியைக் காட்டாத கடைதான் நல்ல கடை. பக்கத்து ஊர்க் கடைக்குக் கொஞ்சம் கூடுதலாக் கொடுத்தாலும் லாபம். ரெண்டு மாநிலம் தள்ளி மலிவாப் பண்ணினா, ஒவ்வொரு சின்னக் கோளாறுக்கும் கோளாறோடயே அத்தனை தூரம் பறக்கணுமே!

வேலை முடிஞ்சுதா? உடனே மேகத்தைத் தேடி ஓடாதீங்க. முதல் பறப்பு பட்டப்பகல்ல, தெளிவான வானத்துல இருக்கட்டும். புதுக் கருவி காட்டுறதும் ஜன்னல் வழியா தெரியுறதும் ஒத்துப்போகுதானு பாருங்க. எந்த பட்டன் எங்கேனு விரலுக்குப் பழகட்டும்.

கிளம்பறதுக்கு முன்னாடி, ஒயரிங் பண்ணின அந்த ஆள்கிட்ட ஒரே ஒரு கேள்வி. ‘அண்ணே, டெஸ்ட் ஃப்ளைட்டுக்கு நீங்களும் வர்றீங்களா?’

கையைத் துடைச்சுட்டு, ‘அஞ்சு நிமிஷம் இரு, வர்றேன்’னு சொன்னா... சரியான கடையைத்தான் பிடிச்சிருக்கீங்க.

நாளைக்கு நீங்களும் ஏதோ ஒரு பெட்டிக்குப் பின்னாடி ஒயர் கட்டப்போறவங்கதான். விமானமோ, ஐ.சி.யூ. மானிட்டரோ, லிஃப்ட்டோ. அதை நம்பி ஏறப்போறவருக்கு உங்க முகம்கூடத் தெரியாது. இந்த வருஷ ரிவ்யூவுலயே பழகிப் பாருங்களேன்... ‘சார், பின்பக்கமும் திறந்து பாருங்க’னு நீங்களே சொல்லி!

அடுத்த வாரம் பார்ப்போம்!