பணம் திரும்பி வந்தால் போதுமா?



சென்ற வாரம் இப்பகுதியில் ஒரு சகோதரி, ஆன்லைனில் பணம் கட்டி ஆர்டர் செய்த பொருளை ‘ஸ்டாக் இல்லை’ என்று கடைக்காரரே கேன்சல் செய்துவிட்டதை எழுதியிருந்தார். ‘நல்லவேளை, பணம் முழுசாகத் திரும்பி வந்துவிட்டது, நஷ்டம் ஒன்றுமில்லை’ என்று முடித்திருந்தார். மற்றதெல்லாம் சரி, அந்தக் கடைசி வரியைத்தான் என்னால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை. நஷ்டம் உண்டு. அதைக் கணக்குப் பார்க்க நாம்தான் பழகவில்லை.

என் கணக்கையே சொல்கிறேன். மகளின் சீமந்தத்துக்கு வருகிறவர்களுக்குத் தாம்பூலத்தோடு கொடுக்க, சின்ன எவர்சில்வர் டப்பா 60 தேவைப்பட்டது. ஒரு ஆப்பில் டப்பா 55 ரூபாய் என்று போட்டிருந்தார்கள். விசேஷத்துக்கு 12 நாள் இருக்கும்போதே ரூ.3,300 கட்டிவிட்டேன். ‘ஆர்டர் உறுதி செய்யப்பட்டது’ என்று செய்தி வந்தது. அப்புறம் ‘பேக் செய்யப்படுகிறது’ என்று வந்தது. ஒன்பதாம் நாள், விற்பனையாளரிடம் பொருள் இல்லாததால் ஆர்டர் ரத்து, வருந்துகிறோம் என்று வந்தது! இல்லாத பொருளை எப்படி ஐயா பேக் செய்தீர்கள்?

விசேஷத்துக்கு மூன்றே நாள். கடைத்தெருவில் பாத்திரக்கடைக்கு ஓடினேன். அதே அளவு டப்பா 78 ரூபாய். அவசரம் என்று முகத்திலேயே எழுதி ஒட்டியிருக்கும்போது பேரம் எங்கே படியும்? ரூ.4,680 கொடுத்து வாங்கி வந்தேன். ரூ.1,380 கூடுதல். அதுமட்டுமா, முதலில் கட்டிய ரூ.3,300 வந்து சேர ஆறு நாள் ஆயிற்று. பூக்காரருக்கும் சமையல்காரருக்கும் முன்பணம் கொடுக்க வேண்டிய அந்த வாரத்தில், ஒரே டப்பாவுக்கு என் கையை விட்டுப் போன பணம் ரூ.7,980. சீட்டுப் பணத்தை எடுத்துத்தான் சமாளித்தேன்.

எங்க வீட்டுக்காரர், “பணந்தான் வந்துடுச்சே, விட்டுத் தள்ளேன்” என்றார். வாடிக்கையாளர் சேவையில் பேசிய பெண்ணும் இதையேதான் இன்னும் மரியாதையாகச் சொன்னார். பணம் வந்தது சரி. அந்த 1,380 எங்கே? நான் நடந்த நடை? இதெல்லாம் யார் கணக்கில் ஏறும்? வீட்டுப் பெண்களின் நேரத்துக்குத்தான் விலையே கிடையாதே, அதனால் ‘நஷ்டமில்லை’ என்று சொல்வது எல்லோருக்கும் சுலபமாக இருக்கிறது.

ஏன் இப்படி நடக்கிறது என்று, ஆன்லைனில் துணி விற்கும் ஒரு உறவுக்காரப் பையனிடம் கேட்டேன். கையில் இருக்கிற பத்து உருப்படியையே மூன்று நான்கு ஆப்பில் ‘இருக்கிறது’ என்று போட்டு வைப்பார்களாம். ஒன்றில் விற்றுத் தீர்ந்ததை மற்றவற்றில் உடனே குறைக்காவிட்டால் அங்கேயும் ஆர்டர் விழுந்துகொண்டே இருக்கும். இன்னும் சிலர் சரக்கே வைத்துக்கொள்வதில்லை. நாம் பணம் கட்டிய பிறகுதான் மொத்த வியாபாரியிடம் போய்க் கேட்பார்கள். அங்கே இல்லை என்றாலோ, விலை ஏறியிருந்தாலோ நம் ஆர்டர் கேன்சல். இவை போக, ஆர்வம் காட்டத்தான் குறைந்த விலை போட்டு, ஆர்டர் குவிந்ததும் நழுவுகிறவர்களும் உண்டு. முதல் வகையையாவது கவனக்குறைவு என்று மன்னிக்கலாம். மற்ற இரண்டும் நம் பணத்தை வைத்து ஆடுகிற ஆட்டம் என்பேன்.

கேட்டால் ஆப் நிறுவனம் என்ன சொல்கிறது? ‘நாங்கள் சந்தை மட்டுமே, விற்பவர் வேறு’ என்று. அதில் உண்மை இல்லாமல் இல்லை. வெளிநாட்டு முதலீடு உள்ள இணையச் சந்தைகள் தாங்களே சரக்கை வைத்து நேரடியாக நமக்கு விற்கக்கூடாது என்பது நம் நாட்டு விதி. ஆனால் வாரச்சந்தையில் குத்தகைக்காரர் கடைக்கு இவ்வளவு என்று வசூலிப்பாரே தவிர, நம் பணத்தை வாங்கித் தன் பையில் போட்டுக்கொள்வதில்லை. இங்கே விளம்பரம் அவர்களுடையது, ‘இப்போதே கட்டினால் 50 ரூபாய் தள்ளுபடி’ என்று அவசரப்படுத்துவதும் அவர்கள், பணம் போவதும் அவர்கள் வழியாக. பொருள் வராதபோது மட்டும் ‘விற்பவர் வேறு’ என்றால் எப்படி?

நாம் தவறினால் இவர்கள் சும்மா விடுவதில்லை என்பதையும் பாருங்கள். அடிக்கடி பொருளைத் திருப்பி அனுப்புகிறவர்களுக்கு ‘கேஷ் ஆன் டெலிவரி’ வசதியையே நிறுத்திவிடுகிற ஆப்கள் இருக்கின்றன.

சட்டம் இருக்கிறதா என்றால் இருக்கிறது. 2019-ல் வந்த புதிய நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ், 2020 ஜூலையில் இணைய வணிகத்துக்கென்றே தனி விதிகள் கொண்டுவந்தார்கள். ஒவ்வொரு நிறுவனமும் குறைதீர் அதிகாரி ஒருவரை நியமித்து, அவர் பெயரையும் தொடர்பு விவரத்தையும் வெளியிட வேண்டும். புகார் வந்ததை 48 மணி நேரத்துக்குள் அவர் ஒப்புக்கொள்ள வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். விற்பவரின் பெயர், முகவரி எல்லாம் நாம் பார்க்கும்படி இருக்க வேண்டும். கேன்சல் பற்றியும் ஒரு விதி உண்டு. தாங்களாகவே ஒரு ஆர்டரை ரத்து செய்யும்போது அதே போன்ற கட்டணத்தைத் தாங்களும் ஏற்காத நிறுவனம், நாம் ரத்து செய்தால் நம்மிடம் கட்டணம் பிடிக்கக்கூடாது.

படித்தபோது நியாயமாகத்தான் பட்டது. யோசித்தால் ஓட்டை தெரிகிறது. அவர்கள் நம்மிடம் கட்டணம் பிடிக்காத வரையில், எத்தனை ஆர்டரை வேண்டுமானாலும் ரத்து செய்துவிட்டு ஒரு பைசா தராமல் போகலாம் என்றல்லவா ஆகிறது? பணம் நம் கணக்கில் கழிந்து கடைக்குப் போய்ச் சேராமல் நடுவில் சிக்கிக்கொண்டால், ஐந்து நாளுக்கு மேல் தாமதமாகும் ஒவ்வொரு நாளைக்கும் 100 ரூபாய் தரவேண்டும் என்று 2019-ல் ரிசர்வ் வங்கி உத்தரவு போட்டது. யந்திரம் செய்த தவறுக்கு நாள் கணக்கில் பரிகாரம் இருக்கிறது. பணம் ஒழுங்காகப் போய்ச் சேர்ந்து, மனிதர் கை விரித்தால் அந்த 100 ரூபாய் கிடையாது! இந்த இடத்தைத்தான் அரசு அடைக்க வேண்டும். உறுதி செய்த ஆர்டரை விற்பவர் ரத்து செய்தால், அதே பொருளை அதே விலைக்கு வேறு விற்பவரிடமிருந்து வாங்கித் தர வேண்டும்; முடியாவிட்டால் விலையில் ஒரு பங்கைச் சேர்த்துத் திருப்ப வேண்டும். இப்படி ஒரு விதி வந்தால், இல்லாத சரக்கை ‘இருக்கிறது’ என்று போடுகிறவர்கள் இரண்டு முறை யோசிப்பார்கள்.

ஏமாற்றுத் தள்ளுபடிக்கு மட்டும் இப்போதே விதி இருக்கிறது. சொன்ன விலைக்குக் கொடுக்கப் போதுமான சரக்கு இல்லாமல், ஆள் பிடிக்க மட்டுமே செய்யும் தூண்டில் விளம்பரம் கூடாது என்று 2022-ல் வந்த விளம்பர வழிகாட்டு நெறிகள் சொல்கின்றன. கேன்சல் ஆன மறுநாளே அதே பொருள், அதே விற்பனையாளர் பெயரில், கூடுதல் விலைக்கு ஆப்பில் நின்றால் உடனே ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். அதைவிட நல்ல சாட்சி கிடையாது.

இன்னொரு தந்திரத்தையும் சொல்லியே ஆகவேண்டும். எதிர்வீட்டு அக்கா பேரனுக்கு ஸ்கூல் ஷூ ஆர்டர் செய்திருந்தார். விற்பவரே போன் செய்து, “மேடம், ஸ்டாக் முடிஞ்சிடுச்சு, நீங்களே கேன்சல் பண்ணிடுங்க, பணம் சீக்கிரம் வந்துடும்” என்றிருக்கிறார். அக்காவும் பாவம், பொத்தானை அழுத்தி, காரணம் கேட்டதற்கு ‘மனம் மாறிவிட்டேன்’ என்பதைத் தொட்டுவிட்டார். விஷயம் என்னவென்றால், விற்பவர் அதிகமாகக் கேன்சல் செய்தால் ஆப்பில் அவருக்கு மதிப்புக் குறையும், அபராதமும் விழும். நாம் கேன்சல் செய்தால் அவருக்குக் கெட்ட பெயர் இல்லை. பழி நம் கணக்கில்! பிறகு புகார் கொடுத்தாலும், ‘நீங்கள்தானே அம்மா ரத்து செய்தீர்கள்’ என்பார்கள். ஆகவே யார் கெஞ்சிக் கேட்டாலும் நாமாகக் கேன்சல் செய்யக்கூடாது. “உங்ககிட்ட இல்லேன்னா நீங்களே கேன்சல் பண்ணுங்க தம்பி” என்று சொல்லி போனை வைத்துவிடுங்கள்.

பணத்தை ஆப்பின் ‘வாலட்’டில் போட்டுவிட்டோம், அதில் வேறு ஏதாவது வாங்கிக்கொள்ளுங்கள் என்றாலும் தலையாட்டாதீர்கள். எந்த வழியாகக் கட்டினோமோ அந்த வழியாகவே திருப்ப வேண்டும்; வேறு வழி என்றால் நம் சம்மதம் வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் விதி. பணம் வரவில்லையே என்ற பதற்றத்தில் கூகுளில் கிடைக்கும் ஏதோ ஒரு சேவை எண்ணுக்கும் போன் செய்யாதீர்கள், அதில் மோசடிக்காரர்கள் காத்திருக்கிறார்கள். பணம் நமக்கு வருவதற்கு ஓடிபியோ யு.பி.ஐ. பின் நம்பரோ தேவையே இல்லை. கேட்டால் திருடன்தான்.

‘இதற்குத்தான் கடைக்கே போய் வாங்கணும்’ என்று பெரியவர்கள் சொல்வார்கள். கைக்குழந்தைக்காரியும், முட்டிவலியோடு தனியாக இருக்கும் அம்மாவும் எந்தக் கடைக்குப் போவார்கள்? ‘விற்ற பொருள் திரும்பப் பெறமாட்டாது’ என்று பில்லில் அச்சடித்து வைத்திருக்கும் நம் ஊர்க் கடைக்காரர்களும் ஒன்றும் தர்மப்பிரபுக்கள் இல்லை. ஆன்லைன் வேண்டாம் என்பது என் வாதமே இல்லை. வாங்கிய காசுக்குக் கடைக்காரர் பொறுப்பாக இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

என் டப்பா விஷயத்தில் குறைதீர் அதிகாரிக்கு எழுதினேன். 200 ரூபாய்க்குக் கூப்பன் தருவதாகப் பதில் வந்தது. வேண்டாம் என்று சொல்லி, தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் பதிவு செய்திருக்கிறேன். தமிழிலேயே பேசலாம். அங்கும் தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம், வக்கீல் கட்டாயமில்லை. பொருளுக்குக் கொடுத்த விலை ரூ.5 லட்சம் வரை இருந்தால் கட்டணமும் கிடையாது. இரண்டு ஆண்டுக்குள் போட வேண்டும். இ-ஜாக்ரிதி என்ற அரசு இணையதளம் மூலம் வீட்டிலிருந்தே தாக்கல் செய்யலாம். ஆர்டர் செய்தி, கேன்சல் செய்தி, பணம் கழிந்த விவரம், கடையில் கூடுதல் விலைக்கு வாங்கிய பில் எல்லாவற்றையும் ஒரு கவரில் போட்டு வைத்திருக்கிறேன்.

1,380 ரூபாய்க்கா இவ்வளவு என்று வீட்டில் கிண்டல்தான். இப்படிக் கேன்சல் செய்த நிறுவனத்திடம் வித்தியாசத் தொகையைக் கேட்டு வாங்கிய சகோதரிகள் யாராவது இருந்தால், எப்படி எழுதினீர்கள், என்னென்ன காகிதம் கேட்டார்கள் என்பதை இப்பகுதிக்கு எழுதுங்களேன். அடுத்து மனு எழுத உட்காரும்போது எனக்கு உதவியாக இருக்கும்.

- ஒரு வாசகி, மன்னார்குடி