வாய்வு என்ற தீர்ப்பு

மதுரைக்காரர்களுக்கு ஒரு வைத்திய ஞானம் உண்டு. அறுபதைத் தாண்டிய ஒருவர் "வயிறு வலிக்குது" என்று சொன்னால் போதும். சுற்றி நிற்கும் பத்துப் பேரில் ஒன்பது பேர் "வாய்வுதான், வேறென்ன!" என்று தீர்ப்புச் சொல்லிவிடுவார்கள். பத்தாவது ஆள் சோடா வாங்கப் போயிருப்பார். சோடா, ஓமத்தண்ணீர், மோரில் பெருங்காயம், தொப்புளைச் சுற்றி விளக்கெண்ணெய், அதற்கும் கேட்காவிட்டால் மெடிக்கல் ஷாப்பில் கேட்டு வாங்கும் கேஸ் மாத்திரை. கிராமத்துப் பக்கம் போனால் குடலேற்றம் தட்டுகிறவரும் வந்துவிடுவார்.

இந்த 'வாய்வு' என்ற வார்த்தையின் மேல் எனக்குத் தீராத கோபம் இருக்கிறது. பல நேரங்களில் அது வாய்வாகவே இருக்கலாம். ஆனால் வயதானவர் விஷயத்தில் அதை முடிவு செய்ய வேண்டியது வயிற்றைத் தொட்டுப் பார்த்த டாக்டர். சோடாக் கடைக்காரரோ சம்பந்தியோ அல்ல.

குடல்வால் அழற்சியை எடுத்துக்கொள்வோம். 'அப்பெண்டிக்ஸ்' என்றால் எல்லோருக்கும் தெரியும். அது காலேஜ் பையன்களுக்கு வரும் வியாதி என்றே பலர் நினைக்கிறார்கள். இளவயதில்தான் அதிகம் வருகிறது என்பது உண்மை. ஆனால் வந்தால் உயிருக்கு அதிக ஆபத்து வயதானவர்களுக்குத்தான்.

இருபது வயதுப் பையனுக்கு வந்தால் உடம்பு கூப்பாடு போடும். தொப்புள் பக்கம் தொடங்கும் வலி வலது அடிவயிற்றுக்கு இறங்கும், வாந்தி வரும், காய்ச்சல் அடிக்கும். பார்த்தவுடன் தெரிந்துவிடும். எழுபது வயது உடம்பு அப்படிக் கத்துவதில்லை. வலி மந்தமாக, வயிறு முழுக்கப் பரவினாற்போல் இருக்கும். காய்ச்சல் இல்லாமலே போகலாம். ரத்தப் பரிசோதனையில் வெள்ளை அணுக்கள்கூட ஏறாமல் ஏமாற்றலாம். மூட்டு வலிக்குத் தினமும் போடும் மாத்திரை இருக்கிற வலியையும் மூடி மறைக்கும். வயதாக ஆகக் குடல்வாலுக்குப் போகும் ரத்தக் குழாய் சுருங்கி, அதன் சுவரும் நைந்து போயிருப்பதால் அது சீக்கிரம் வெடிக்கிறது. அடையாளம் குறைவு, அவகாசமும் குறைவு. அந்தக் கொஞ்ச நேரத்தைத்தான் நாம் ஓமத்தண்ணீரில் கரைக்கிறோம்.

வாடிப்பட்டிப் பக்கம் எங்கள் உறவில் ஒரு அத்தை, 72 வயது. போகி அன்று காலையில் வலி. "நாளும் கிழமையுமா ஆஸ்பத்திரி எதுக்குய்யா, பிள்ளைக வர்ற நேரம்" என்று அவரே சொல்லிவிட்டார். பொங்கலன்று ஒரு கிளினிக்கில் ஊசி போட்டார்கள். அங்கேயும் வாய்வு என்றே சொன்னார்கள், வயிற்றில் கை வைத்துப் பார்க்கவில்லை. அன்று இரவு கொடுத்த விளக்கெண்ணெயில் பேதியும் ஆனது. மாட்டுப் பொங்கலன்று வலி சட்டென்று குறைந்தது. வீடே நிம்மதி அடைந்தது. குடல்வால் வெடித்தால் உள்ளே இருந்த அழுத்தம் போய்ச் சிறிது நேரம் வலி குறைந்தாற்போல் இருக்கும் என்று அங்கே யாருக்கும் தெரியாது. மறுநாள் கை கால் சில்லிட்டுப் பேச்சுக் குழறிய பிறகுதான் மதுரைக்குக் கொண்டுவந்தார்கள். வயிறு முழுக்கச் சீழ். ஆபரேஷன் செய்தும் நான்காம் நாள் போய்விட்டார்.

ஊரில் அதற்குக் கல்யாணச் சாவு என்று பெயர் வைத்துக் கொட்டடித்து அனுப்பினார்கள். நிறை வாழ்வு வாழ்ந்தாராம். மூன்று நாள் முன்னால் வண்டி ஏறியிருந்தால் இன்னும் பத்துப் பொங்கல் பார்த்திருக்கக் கூடியவருக்கு எது கல்யாணச் சாவு? வயதைக் காரணம் காட்டிவிட்டால் நம்மில் யாரும் பதில் சொல்ல வேண்டியதில்லை. அந்தச் சௌகரியத்துக்குத்தான் இந்தப் பெயர்.

"வயசான உடம்பு ஆபரேஷனைத் தாங்குமா?" என்பார்கள். 1921 செப்டம்பரில் நம் மேலமாசி வீதியில் தங்கியிருந்தபோது அரைவேட்டிக்கு மாறினாரே காந்தி, அவருக்கு 1924 ஜனவரியில் எரவாடா சிறையில் குடல்வால் அழற்சி வந்தது. வயது 54. பூனா சாசூன் மருத்துவமனைக்குக் கொண்டுபோனார்கள். டாக்டர்களையும் ஆஸ்பத்திரிகளையும் 1909-லேயே 'இந்திய சுயராஜ்யம்' நூலில் வெளுத்து வாங்கியவர் அவர். ஆனாலும் சம்மதித்தார். அந்தச் சம்மத அறிக்கையை எழுதும்போது உடனிருந்தவர் நம் வலங்கைமான் சீனிவாச சாஸ்திரியார். ஜனவரி 12 இரவு கர்னல் மேடக் ஆபரேஷன் செய்தார். நடுவில் மின்சாரம் போய்விட, அரிக்கேன் விளக்கு வெளிச்சத்தில் முடித்தார்கள். பெனிசிலின் கண்டுபிடிக்கப்படாத காலம். அதன் பிறகு காந்தி 24 ஆண்டுகள் இருந்தார். தண்டி யாத்திரை போனது 60 வயதில்!

அதற்கும் முன்னால், 1902-ல், இங்கிலாந்தின் ஏழாம் எட்வர்டு. அவருக்கும் 60 வயது. ஜூன் 26 முடிசூட்டு விழா. உலகம் முழுவதிலிருந்தும் விருந்தாளிகள் வந்து இறங்கியாயிற்று. விழாவைத் தள்ளிவைக்க ராஜாவுக்கு மனமில்லை. டாக்டர்கள் விடவில்லை. 24-ம் தேதி டிரீவ்ஸ் என்ற சர்ஜன் வயிற்றைத் திறந்து சீழை வெளியேற்றினார். ஆகஸ்டு 9-ல் முடி சூடினார். முடிசூட்டு விழாவையே தள்ளிவைத்திருக்கிறார்கள். நாம் ஒரு காதுகுத்துக்காக வயிற்று வலியைத் தள்ளிவைக்கிறோம்.

இன்னொரு வாதம், "ஆஸ்பத்திரிக்குப் போனால் ஸ்கேன் ஸ்கேன் என்று பணத்தைப் பிடுங்குவார்கள்." அந்தக் கோபத்தில் நியாயம் இருக்கிறது. தேவையில்லாத டெஸ்டுகளுக்கு அழுதவர்களில் நானும் ஒருவன். ஆனால் வயதானவரின் வயிற்று வலி சிக்கனம் பார்க்கும் இடம் அல்ல. கையால் தொட்டுப் பார்த்தும் பிடிபடாததை சிடி ஸ்கேன் பெரும்பாலும் காட்டிக்கொடுத்துவிடும். காசில்லாதவருக்குக் கோரிப்பாளையத்தில் பெரியாஸ்பத்திரி இருக்கிறது. 108-க்கு அடித்தால் வண்டி வருகிறது. முதலமைச்சர் காப்பீட்டு அட்டை பல வீடுகளில் பீரோவில் பத்திரமாகத் தூங்குகிறது.

ஆகவே பிள்ளைகளுக்குச் சொல்கிறேன். வீட்டுப் பெரியவருக்குப் புதிதாக வயிற்று வலி வந்து நாலைந்து மணி நேரம் விடாமல் இருந்தால், சாப்பாடு வேண்டாம் என்று ஒதுக்கினால், சர்ஜன் இருக்கிற ஆஸ்பத்திரிக்குப் போங்கள். பேதிக்குக் கொடுக்காதீர்கள், எனிமா வேண்டாம், வயிற்றைத் தட்டவும் நீவவும் விடாதீர்கள். தினமும் போடும் மாத்திரைச் சீட்டை எடுத்துப் போங்கள். மேல்வயிறு என்றால் ஈசிஜியும் எடுக்கச் சொல்லுங்கள், மாரடைப்பும் வயிற்று வலி வேஷத்தில் வரும். ஆபரேஷனா, ஆன்டிபயாடிக்கே போதுமா என்பதைச் சர்ஜன் முடிவு செய்யட்டும். மருந்திலேயே சரியானாலும் பெருங்குடலை ஒருமுறை கேமரா விட்டுப் பார்க்கச் சொன்னால் மறுக்காதீர்கள். வயதானவர்களுக்குச் சில சமயம் அங்கே இருக்கும் கட்டிதான் குடல்வாலை அடைத்திருக்கும்.

டாக்டர்களுக்கு ஒரே ஒரு வேண்டுகோள். ஊசி போடும் முன் எங்கள் வயிற்றில் கை வைத்துப் பாருங்கள்.

கடைசியாக என் வயதுக்காரர்களுக்கு. "பிள்ளைகளுக்குத் தொந்தரவு வேண்டாம்" என்று பல்லைக் கடித்துக்கொண்டு படுத்திருக்கிறீர்களே, மூன்றாம் நாள் ஐசியு வாசலில் அவர்கள் நிற்பது தொந்தரவு இல்லையா? வலித்தால் வலிக்கிறது என்று உரக்கச் சொல்லுங்கள். யாராவது வாய்வு என்றால், "எந்த டாக்டர் சொன்னார்?" என்று கேளுங்கள்.