ரெண்டு மூட்டைக்கு இடமில்லை

போன வாரம் விழுப்புரத்தில் ஒரு கூட்டம். "சிறு, குறு விவசாயிகளுக்கான மதிப்புச் சங்கிலியை வலுப்படுத்துதல்" என்று மேடை அகலத்துக்கு பேனர். மார்க்கெட் கமிட்டியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்கள் என்ற வகையில் என்னையும் இன்னும் இரண்டு பேரையும் கூப்பிட்டிருந்தார்கள். பத்து மணி என்று சொல்லிப் பதினொன்றரைக்கு ஆரம்பித்தார்கள். அதில் எனக்கு வருத்தம் இல்லை, நாம் பார்க்காததா. டீயும் சமோசாவும் நன்றாகவே இருந்தன. வருத்தம் வேறு.

இரண்டரை மணி நேரம் பேசினார்கள். சுத்தம் செய்வது, தரம் பிரிப்பது, பாக்கெட் போடுவது, பிராண்டு, செயலி, ஏற்றுமதி. ஒரு பையன் மரச்செக்கு எண்ணெய் பாட்டிலைத் தூக்கிக் காட்டி, "இதுதான் ஐயா மதிப்புக் கூட்டல்" என்றான். கைதட்டினார்கள். விவசாயிகள் கடைசி இரண்டு வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள். அவர்களும் தட்டினார்கள். மல்லாட்டை பிடுங்குகிற அன்றைக்கு அவன் கையில் எத்தனை ரூபாய் இருக்கும் என்று மேடையில் ஒருத்தர்கூடக் கேட்கவில்லை.

வெளியூர் நண்பர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன். மற்றவர்கள் வேர்க்கடலை, நிலக்கடலை என்பதைத்தான் எங்கள் தென்னாற்காட்டில் மல்லாட்டை என்போம். ஆபீஸ் காகிதத்தில் மணிலா. திண்டிவனத்து ஆராய்ச்சி நிலையத்து டி.எம்.வி. ரகங்கள் பெயர் போனவை. அந்த மூன்று எழுத்துமே திண்டிவனத்தின் பெயர்தான். நான் முப்பத்தொரு வருஷம் இந்த மூட்டைகளுக்கு நடுவில் இருந்தவன். சாயங்காலம் வீட்டுக்குப் போனால் சட்டையை வெளியிலேயே உதறிவிட்டு வா என்பாள் வீட்டுக்காரி. அத்தனை தூசி.

கமிட்டியைக் குறை சொல்லவே நான் உட்கார்ந்திருக்கிறேன் என்று நினைத்துவிட வேண்டாம். அது ஒரு பெரிய காரியம். 1933இல் சென்னை மாகாணத்தில் வணிகப் பயிர்ச் சந்தைச் சட்டம் வந்தது. 1936இல் திருப்பூரில் பருத்திக்காக முதல் ஒழுங்குமுறை விற்பனைக்கூடம் திறந்தார்கள். அதற்கு முன்னால் தரகர் துண்டைப் போட்டு, துண்டுக்கு அடியில் விரலைப் பிடித்து விலை பேசுவார். சரக்கின் சொந்தக்காரனுக்கே தன் சரக்கு என்ன விலைக்குப் போகிறது என்று தெரியாது. எடை குறையும், சாக்குக்குக் கழிவு, கோயிலுக்குக் கழிவு, சாம்பிள் என்று கைநிறைய அள்ளுவது தனி. கமிட்டியில் அதெல்லாம் போனது. மூட்டையைக் களத்தில் வரிசையாக வைப்போம். வியாபாரிகள் கையில் எடுத்துப் பார்த்துச் சீட்டில் விலை எழுதிப் பெட்டியில் போடுவார்கள். பெட்டியைத் திறந்து அதிக விலையை அறிவிப்போம். பிடிக்காவிட்டால் விவசாயி மறுக்கலாம். அவனிடம் கமிஷன் கிடையாது. வியாபாரியிடம்தான் நூற்றுக்கு ஒரு ரூபாய் கட்டணம்.

பிடிக்காவிட்டால் மறுக்கலாம். இந்த வரியை நானே ஆயிரம் தடவை விவசாயிகளிடம் சொல்லியிருக்கிறேன். மறுத்துவிட்டு அவன் எங்கே போவான் என்பதுதான் என் சண்டை.

மார்கழிப் பட்டத்து மல்லாட்டை பங்குனி, சித்திரையில் ஒரே மூச்சில் வரும். களம் நிரம்பும், கேட்டுக்கு வெளியே ரோட்டில் டிராக்டர் வரிசை நிற்கும். அன்றைக்கு விலை இறங்கும். அதில் எந்தச் சதியும் வேண்டியதில்லை, சரக்கு குவிந்தால் இறங்கத்தான் செய்யும். ஆடிப்பட்டத்துக்கு விதைப்பருப்பு தேடி ஆள் வருகிற சமயம் பெரும்பாலும் ஏறும். இது எங்கள் ஊரில் பள்ளிக்கூடப் பிள்ளைக்கும் தெரியும். பிறகு ஏன் சித்திரையில் கொண்டுவந்து கொட்டுகிறான்? பிடுங்கின பெண்களுக்கும் காய் ஆய்ந்த பெண்களுக்கும் கூலி அன்றைக்கே கொடுக்க வேண்டும். உரக்கடைக்காரர் தை மாதத்திலிருந்து நோட்டில் எழுதி வைத்திருக்கிறார். மண்டிக்காரரிடம் விதைக்கு வாங்கின முன்பணம் நிற்கிறது. வீட்டில் கொட்டிவைக்க இடமும் இல்லை. அவசரம் அவனுடைய குணத்தில் இல்லை, கணக்கில் இருக்கிறது.

2015-16 வேளாண் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டின் சராசரி நிலக் கைப்பற்று 0.75 ஹெக்டேர். ஏக்கரில் சொன்னால் இரண்டுக்கும் கீழே. இப்படிப்பட்டவனைத்தான் நாம் "விலை வரும்வரை பொறுத்திரு" என்கிறோம்.

இதற்கு மருந்து இல்லாமல் இல்லை. பொருளீட்டுக் கடன் என்று ஒன்று உண்டு. சரக்கைக் கமிட்டி கிடங்கில் வைத்துவிட்டு, அதன் மதிப்பில் ஒரு பெரும்பங்கைக் குறைந்த வட்டிக்குக் கடனாக வாங்கிக்கொண்டு போகலாம். விலை ஏறினதும் விற்றுக் கடனைக் கழித்துக்கொள்ளலாம். இதைவிட நல்ல யோசனையை நான் எந்தக் கூட்டத்திலும் கேட்டதில்லை. கூட்டத்தில் இதைப் பற்றி ஒருவரும் பேசவும் இல்லை.

இப்போது நான் சொல்லப்போவது என்னைப் பற்றி.

ஓய்வு பெறுவதற்குப் பத்துப் பன்னிரண்டு வருஷம் முன்னால், ஒரு சித்திரை மாதம். ஒரு அம்மா ரெண்டு மூட்டையோடு வந்தது. டயர் வண்டியில் வேறு யாரோ சரக்கோடு சரக்காக ஏற்றி வந்திருந்தது. அன்றைக்கு விழுந்த விலையைக் கேட்டுவிட்டு நேராக என் மேசைக்கு வந்தது.

"சார், இந்த வெலைக்கு வேணாம் சார். ரெண்டு மூட்டைதான். ஒரு ஓரமா போட்டு வைங்க. ஆடியில வந்து வித்துக்கறேன். ஏதோ கடன் குடுப்பீங்களாமே, கூலிக்கு மட்டும் குடுங்க, போதும்."

"சிட்டா அடங்கல் இருக்காம்மா?"

"மாமனார் பேர்ல இருக்குது சார். அவரு போயி ஆறு வருஷம் ஆவுது. பாகம் இன்னும் பிரிக்கல."

மாமனார் பெயரில் சிட்டா இருந்தால் மருமகளுக்குக் கடன் இல்லை. கிடங்கில் இடமாவது கொடுக்கலாம் என்றால், கிடங்கு நிறைய வியாபாரிகளின் சரக்கு. வாடகை கட்டி அடுக்கியிருந்தார்கள். கமிட்டிக்கு வருமானம், எங்களுக்கும் மேலிடத்தில் நல்ல பெயர். நான் சட்டப்படிதான் நடந்தேன். "இடமில்லையம்மா" என்றேன். அந்த அம்மா கொஞ்ச நேரம் நின்றது. பிறகு சீட்டில் கைநாட்டு வைத்துவிட்டுப் போனது. அந்த வருஷம் ஆடியில் மூட்டைக்கு 200 ரூபாய்க்கு மேல் ஏறியது. அதே ரெண்டு மூட்டை அதே கிடங்கில்தான், வியாபாரியின் அடுக்கில், ஆடி வரைக்கும் இருந்திருக்கும். இடம் இருந்தது. அந்த அம்மாவுக்குத்தான் இல்லை.

இதை இத்தனை வருஷம் யாரிடமும் சொன்னதில்லை. பேனரைப் பார்த்ததும் ஞாபகம் வந்துவிட்டது.

கூட்டத்தில் அடிக்கடி விழுந்த இன்னொரு வார்த்தை "இடைத்தரகரை ஒழிப்போம்". இதைக் கேட்டுக் கேட்டு எனக்குக் காது புளித்துவிட்டது. நான் மண்டிக்காரர்களுக்கு வக்காலத்து வாங்கவில்லை, அவர்களோடு தினம் மல்லுக்கட்டினவன். ஆனால் ராத்திரி பத்து மணிக்கு மகளுக்குப் பிரசவ வலி என்று கதவைத் தட்டினால், சிட்டா கேட்காமல் ஐயாயிரம் எடுத்துக் கொடுக்கிறவர் மண்டிக்காரர்தான். சாக்கு அவர் கொடுக்கிறார், வண்டி அவர் அனுப்புகிறார், ஒரு மூட்டையானாலும் வாங்குகிறார். அதற்கெல்லாம் சேர்த்துத்தான் விலையில் பிடிக்கிறார், அநியாயமாகவே பிடிக்கிறார். அவரை ஒழிக்க வேண்டுமென்றால் அவர் செய்கிற இந்த நாலு வேலையை யாராவது செய்ய வேண்டும். பேனர் செய்யாது.

பாலில் செய்து காட்டினார்களே. குஜராத்தில் கைரா மாவட்டத்து விவசாயிகள் ஒரே கம்பெனிக்குப் பால் ஊற்றிச் சலித்துப்போய், 1946இல் திரிபுவன்தாஸ் படேல் தலைமையில் சொந்தச் சங்கம் வைத்தார்கள். குரியன் அங்கே வந்து சேர்ந்தது 1949இல்தான். எல்லோரும் அமுல் என்றால் விளம்பரத்தையும் வெண்ணெயையும் சொல்வார்கள். என் கண்ணுக்கு அங்கே பெரிய விஷயம் வேறு. காலையும் மாலையும் பால் எடுப்பார்கள், அரை லிட்டர் ஆனாலும் எடுப்பார்கள், கண் முன்னால் அளந்து கொழுப்புப் பார்த்து எழுதுவார்கள், பணம் தவணை தவறாது. ஒரு எருமை வைத்திருக்கிறவளுக்கும் இருபது எருமைக்காரனுக்கும் ஒரே வரிசை. வெண்ணெய், சீஸ், சாக்லேட் எல்லாம் அந்த வரிசையின் மேல் பின்னால் கட்டின மாடி. நம் ஆட்கள் மாடியிலிருந்து வீடு கட்ட ஆரம்பிக்கிறார்கள்.

உழவர் உற்பத்தியாளர் கம்பெனிகள் இருக்கின்றனவே என்று ஒரு தம்பி சொன்னார். இருக்கின்றன. 2002இல் கம்பெனிச் சட்டத்தைத் திருத்தி அதற்கு வழி செய்தார்கள். 2020இல் மத்திய அரசு 6,865 கோடி ரூபாய் ஒதுக்கி 10,000 அமைப்புகள் என்று இலக்கு வைத்தது. தப்பில்லை. ஆனால் நான் நேரில் போய்ப் பார்த்தவற்றில் பலது உரமும் பூச்சிமருந்தும் விற்கிற இன்னொரு கடையாக நிற்கிறது. உறுப்பினரின் சரக்கை வாங்குவதில்லை. ஏன் என்று கேட்டால், "வாங்கிப் போட முதல் இல்லை ஐயா" என்கிறார்கள். பங்குத்தொகை ஆயிரம் ரூபாய் கட்டினவனுக்கு அறுவடை அன்றைக்கு வேண்டியது அதே ரொக்கம்தான். அது இல்லையென்றால் அவன் கம்பெனியின் பங்குதாரனாக இருந்துகொண்டே மண்டிக்குப் போவான். போகிறான்.

ஒருவர் திரையில் ரிசர்வ் வங்கி ஆய்வாளர்கள் 2024இல் வெளியிட்ட கணக்கைக் காட்டினார். நுகர்வோர் கொடுக்கிற ஒரு ரூபாயில் விவசாயிக்குப் போவது தக்காளியில் 33 பைசா, வெங்காயத்தில் 36, உருளைக்கிழங்கில் 37. நல்ல கணக்கு. அதற்கு அவர் சொன்ன பரிகாரம் செல்போனில் விலை பார்ப்பது. விலை தெரியாமலா இவன் கெடுகிறான்? ஆடியில் என்ன விலை வரும் என்று அந்த அம்மாவுக்குச் செல்போன் இல்லாமலே தெரிந்திருந்தது.

"காத்திருந்தால் விலை ஏறியே தீருமா, விழுந்தால் யார் பொறுப்பு?" என்று இதைப் படிக்கும் பழைய வங்கிக்கார நண்பர்கள் கேட்பார்கள், தெரியும். நியாயம்தான். ஈரோட்டு மஞ்சள் 2010இல் குவிண்டால் 15,000 ரூபாயைத் தாண்டியது. இன்னும் ஏறும் என்று கட்டிவைத்தவர்கள் 2012 வாக்கில் 4,000 ரூபாய் அளவுக்குச் சரிந்ததைப் பார்த்தார்கள். வைத்திருப்பதிலும் ஆபத்து உண்டு. அந்த ஆபத்தை எடுப்பதா வேண்டாமா என்று தீர்மானிக்கிற உரிமை பெரிய குடும்பத்துக்கும் வியாபாரிக்கும் இருக்கிறது, ரெண்டு மூட்டைக்காரிக்கு இல்லை. என் வழக்கு அவ்வளவுதான்.

உலர்களத்தையும் விடக்கூடாது. ஈரக் காயை மூட்டை கட்டினால் பூஞ்சை பிடிக்கும். அது விடுகிற நச்சு கண்ணுக்குத் தெரியாது, ஏற்றுமதிச் சோதனையில் தெரியும், சரக்கு திரும்பி வரும். ஏற்றுமதி ஏற்றுமதி என்று முழங்கினவர்கள், எங்கள் ஊர்ப்பக்கம் சனங்கள் இன்றைக்கும் தார் ரோட்டில் பாதியை மறித்துத்தான் காயவைக்கிறார்கள் என்பதை வருகிற வழியில் கார் கண்ணாடி வழியாகப் பார்த்திருப்பார்கள்.

கடைசியில் கருத்துப் படிவம் கொடுத்தார்கள். "ஆலோசனைகள்" என்று போட்டு மூன்று கோடு. நான் பின்பக்கம் திருப்பி எழுதினேன். கிடங்கில் பாதியைப் பத்து மூட்டைக்குக் கீழே கொண்டுவருகிறவர்களுக்கு என்று ஒதுக்குங்கள், பங்குனி முதல் ஆடி வரைக்கும் அதில் வியாபாரி சரக்கு ஒரு மூட்டைகூடக் கூடாது. பொருளீட்டுக் கடனுக்குச் சிட்டா எதற்கு? ஈடாக நிற்பது மூட்டை, நிலம் இல்லை. மூட்டை யார் கொண்டுவந்தாரோ அவர் பெயரில் கொடுங்கள். குத்தகைக்காரனும் வாரத்துக்குப் பயிர் வைக்கிறவனும் மருமகளும் அப்போதுதான் உள்ளே வருவார்கள். திருட்டுச் சரக்கு வந்துவிடும் என்று பயந்தால், ஊர்க்காரர் இரண்டு பேர் கையெழுத்து வாங்குங்கள். கடன் அதே நாளில், அதே மேசையில் கைக்கு வரவேண்டும். விற்றால் கமிட்டியே அன்றைக்குப் பணத்தைக் கொடுத்துவிட்டு, வியாபாரியிடம் பிறகு வசூல் செய்யட்டும், வசூலிக்கிற சக்தி அதற்குத்தான் உண்டு. ஒன்று, இரண்டு மூட்டைகளை ரகம் பார்த்துச் சேர்த்து ஒரே குவியலாக ஏலத்தில் வையுங்கள், இரண்டு மூட்டைக்கு எந்த வியாபாரியும் குனிந்துகூடப் பார்ப்பதில்லை.

எழுதி முடிப்பதற்குள் படிவம் வாங்க வந்த பையன் இரண்டு தடவை வந்து நின்றுவிட்டான். "ஐயா, பின்பக்கம் ஸ்கேன் ஆகாதுங்க ஐயா" என்றான். வேறொரு படிவம் வாங்கி, முன்பக்கத்து மூன்று கோட்டில், எனக்குத் தெரிந்த மட்டும் சின்ன எழுத்தில், கிடங்கையும் சிட்டாவையும் மட்டும் எழுதிக் கொடுத்தேன். அடுத்த கூட்டம் திண்டிவனத்திலாம், தேதி பிறகு சொல்வார்களாம். கூப்பிடாவிட்டாலும் போவதாக இருக்கிறேன். பழைய கமிட்டி ஆட்கள் யாராவது வருவதாக இருந்தால் போன் செய்யுங்கள், ஒரே பஸ்ஸில் போகலாம்.